கேட்சருக்குப் பின்னால் சரியாக எங்கே நிற்பது? முதல்முறை பிளேட் அம்பயராக இறங்குபவருக்கு

பேஸ்பால் விதிப்புத்தகத்தில் 8.03 பிரிவைத் திறந்து பாருங்கள். தலைமை அம்பயர், அதாவது பிளேட் அம்பயர், கேட்சருக்குப் (பிட்சர் வீசும் பந்தைப் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவர்) பின்னால் நிற்பார் என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். பின்னால் என்றால் எவ்வளவு தூரம், நேர் பின்னாலா ஓரமாகவா, கண் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே பதில் கிடையாது.

நானும் அந்த ஒரு வரியை நம்பித்தான் முதல் சீசனை ஆரம்பித்தேன். பின்னால் என்றால் நேர் பின்னால்தானே என்று கேட்சரின் முதுகுக்கு நேராக நின்றேன். முழங்கால் உயரத்தில் வரும் பந்தெல்லாம் அவர் ஹெல்மெட்டுக்குக் கீழே போய் மறைந்துவிடும். கையுறையில் 'டப்' என்று சத்தம் கேட்கும், நான் ஏதோ ஒன்றைச் சொல்வேன். ஆறாவது ஆட்டமோ ஏழாவதோ முடிந்ததும், வேலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த அம்பயர் ஒருவர் என்னைப் பிளேட் (பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் தகடு) அருகே கூப்பிட்டார். மண்ணைக் காட்டினார். என் ஷூ தடம் ஐந்து இடத்தில் இருந்தது. சில தடங்கள் கேட்சருக்கு இடப்பக்கம், சில வலப்பக்கம், ஒன்று பேட்டரின் கட்டத்தையே தொட்டுக்கொண்டு. "நீங்கள் எங்கேயும் நிற்கவில்லை, கேட்சர் போன பக்கமெல்லாம் போயிருக்கிறீர்கள்" என்றார்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். நீங்களாவது முதல் ஆட்டத்திலேயே ஒரே இடத்தில் நில்லுங்கள்.

1. இறங்கும் முன் படிக்கவும் எடுத்துக்கொள்ளவும் வேண்டியவை

விதிப்புத்தகம் முழுவதையும் ஒரே வாரத்தில் படிக்கத் தேவையில்லை. மூன்று பகுதி போதும்: ஸ்ட்ரைக் ஸோன் (பந்து எந்த எல்லைக்குள் வந்தால் ஸ்ட்ரைக் என்பது) விளக்கம், அம்பயர் குறுக்கீடு பற்றிய பகுதி, 8-ஆம் பிரிவு முழுவதும். அதோடு உங்கள் லீக்கின் தனி விதிகள் அடங்கிய தாளை வாங்கிவிடுங்கள். நேர வரம்பு, ஒரு பிட்சர் எத்தனை பந்து வீசலாம் என்பது போன்றவை அதில்தான் இருக்கும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டீர்களானால், ஆட்டத்தின் நடுவில் பயிற்சியாளர் ஒருவர் அந்தத் தாளை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

ஆட்டத்தன்று லைன்அப் கார்டு, அதாவது அணியின் பேட்டிங் வரிசைப் பட்டியல். வழக்கமான விதிப்படி ஆட்ட நேரத்துக்கு 5 நிமிடம் முன்பு பிளேட்டில் சந்திப்பு நடக்கும். முதலில் சொந்த மைதான அணி, அப்புறம் விருந்தினர் அணி. இருவரும் இரண்டிரண்டு பிரதிகள் தர வேண்டும். வாங்கியதும் சட்டைப் பையில் திணித்துவிடாதீர்கள். இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்கிறதா, ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். பேனா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டாயம் தொலையும்.

2. கவசம்: எதற்கு முதலில் செலவழிப்பது

நிற்கும் இடத்துக்கும் கவசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நிறையவே இருக்கிறது. கவசத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு பந்துக்கும் தலையைத் திருப்புவார். திருப்பினால் பந்து தெரியாது. அதைவிட மோசம், மாஸ்க் காக்காத காதும் கழுத்தும் பந்துக்கு நேராகப் போய்விடும்.

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் மாஸ்க்கும் அதன் தொண்டைக்காப்பும். அடுத்து கப் (தொடைகளுக்கு நடுவே காப்பது), இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம் சட்டைக்குள் போடும் நெஞ்சுக்காப்பு, ஷின் கார்டு (முன்கால் காப்பு), கடைசியாக விரல்மேல் உலோகத்தகடு வைத்த பிளேட் ஷூ. ஷூ வாங்கும்வரை தடித்த தோல் பூட்ஸை வைத்து ஓட்டலாம் என்பார்கள். நான் ஓட்டினேன். ஒரு ஃபவுல் பந்து (பேட்டில் பட்டு ஆட்ட எல்லைக்கு வெளியே தெறிப்பது) பெருவிரலில் இறங்கிய பிறகு அந்த யோசனையை யாருக்கும் சொல்வதில்லை.

ஷின் கார்டு, பந்துப் பை, பிரஷ், பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கை காட்டும் இண்டிகேட்டர் எல்லாம் பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. கப், மாஸ்க்கின் உள் பஞ்சு இரண்டும் புதிதாகவே இருக்கட்டும். ஹாக்கி மாடல் ஹெல்மெட் பழையதாகக் கிடைத்தால் தொடாதீர்கள். எத்தனை அடி வாங்கியது என்று வெளியே பார்த்தால் தெரியாது.

ஒரு பொறி இருக்கிறது: பேன்ட். ஷின் கார்டு பேன்ட்டுக்குள் போகும். வழக்கமான அளவில் வாங்கினால் நின்றபடி போட்டுக்கொள்ளலாம், குனிய முடியாது. எனக்கு இரண்டாவது இன்னிங்ஸில் தையல் விட்டுவிட்டது, மீதி ஏழு இன்னிங்ஸும் ஒரு கையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டே நின்றேன். பிளேட் அம்பயர்களுக்கென்றே அகலமான கால் உள்ள பேன்ட் விற்கிறார்கள். ஷின் கார்டைக் கட்டிக்கொண்டு போட்டுப் பார்த்து, முழுவதும் குனிந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

3. பிளேட்டை ஒருமுறை அளந்து பாருங்கள்

ஹோம் பிளேட்டின் முன்விளிம்பு 17 அங்குலம். பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 3 அங்குலம். பந்தின் ஏதாவது ஒரு பகுதி ஸோனின் ஏதாவது ஒரு பகுதியைத் தொட்டுப் போனால், பேட்டர் அடிக்காமல் விட்டாலும் அது ஸ்ட்ரைக்; தொடாத பந்தை அவர் அடிக்காமல் விட்டால் 'பால்'. அப்படியென்றால் இடக்கோடியில் உரசிப்போகும் பந்தின் வெளிப்புறத்திலிருந்து வலக்கோடியில் உரசிப்போகும் பந்தின் வெளிப்புறம்வரை ஏறக்குறைய 23 அங்குல அகலத்தை நீங்கள் காவல் காக்கிறீர்கள்.

உயரம் பேட்டருக்குப் பேட்டர் மாறும். மேல் எல்லை, தோள் உச்சிக்கும் பேன்ட்டின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளி. கீழ் எல்லை, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள குழி. பேட்டர் அடிக்கத் தயாராகும் நிலையை வைத்து இதை முடிவு செய்ய வேண்டும், நிமிர்ந்து நிற்பதை வைத்து இல்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஸோன் பிளேட்டுக்கு மேலே இருக்கிறது. கேட்சர் பந்தைப் பிடிப்பது அதற்கும் பின்னால். வளைந்து இறங்கும் பந்து பிளேட்டின் மேல் முழங்கால் உயரத்தில் கடந்து, கையுறைக்குள் போகும்போது கணுக்கால் உயரத்துக்கு வந்துவிடும். கையுறையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவர் அதை 'பால்' என்பார். பிளேட்டைப் பார்ப்பவர் 'ஸ்ட்ரைக்' என்பார். எந்த இடத்தில் நின்றால் பிளேட் தெரியும் என்பதுதான் இனி வருவதெல்லாம்.

4. ஸ்லாட்டைக் கண்டுபிடியுங்கள்

கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அம்பயர்கள் அதை ஸ்லாட் என்பார்கள். உங்கள் தலை அங்கேதான் இருக்க வேண்டும்.

வலக்கை பேட்டர் வந்தால் அவர் உங்களுக்கு இடப்பக்கம் நிற்பார். பிளேட்டின் இடவிளிம்பு அவருக்கு உள்மூலை. பிட்சரைப் பார்த்து நின்றுகொண்டு, உங்கள் மூக்கு அந்த இடவிளிம்புக் கோட்டின் மேல் வரும்படி நகருங்கள். இடக்கை பேட்டர் வந்தால் எல்லாம் அப்படியே வலப்பக்கம் மாறும்.

இந்த இடம் ஏன் என்பதை ஒருமுறை யோசித்துவிட்டால் பிறகு மறக்காது. நேர் நடுவில் நின்றால் கேட்சரின் தலை தாழ்வான பந்தை மறைக்கும். வெளிமூலைப் பக்கம் நின்றால், பேட்டரின் உடம்பை ஒட்டி உள்ளே வரும் பந்துக்கும் உங்களுக்கும் நடுவில் கேட்சர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பந்து பேட்டின் பிடியில் பட்டதா, விரலில் பட்டதா, சட்டையை உரசியதா எதுவும் தெரியாது. ஸ்லாட்டில் நின்றால் உள்மூலை மூக்குக்கு நேராக வருகிறது. வெளிமூலையின் அடிக்கோடிவரை குறுக்கே யாரும் இல்லாமல் பார்வை போகிறது. தொலைவில் இருப்பதால் வெளிப்பக்கத் தாழ்ந்த பந்து கொஞ்சம் கடினம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பார்த்துப் பார்த்துப் பழகக்கூடிய கடினம். மறைந்துபோன பந்தை எத்தனை வருடம் பழகினாலும் பார்க்க முடியாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு குழப்பம் வரும். அங்கே அம்பயர் பந்து புறப்படும் முனையில் நின்று அது போவதைப் பார்க்கிறார். இங்கே பந்து உங்கள் முகத்துக்கு வருகிறது. உடம்பு ஒதுங்கத்தான் பார்க்கும். ஒதுங்கவிடாமல் நிறுத்துவதே முதல் மாதத்து வேலை.

5. பாதங்கள்

பல நிலைகள் உண்டு. புதியவருக்கு நான் சிபாரிசு செய்வது பாக்ஸ் நிலை, அதிலும் குதிகால்-விரல் முறை. வலக்கை பேட்டருக்குச் சொல்கிறேன், இடக்கை பேட்டருக்குக் காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

இடக்கால் ஸ்லாட்டுக்குள், பாதம் பிட்சரை நோக்கி. வலக்கால் அதைவிடச் சற்றுப் பின்னே, கேட்சருக்குப் பின்னால். எவ்வளவு பின்னே என்றால், வலப்பாதத்தின் விரல்நுனி இடப்பாதத்தின் குதிகாலோடு ஒரே கோட்டில் வர வேண்டும். வலப்பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கலாம். இரண்டு காலுக்கும் இடையே தோளகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. இப்போது பின்னால் ஒரு நாற்காலி இருப்பது போல உட்காருங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இறங்க வேண்டும்.

கேட்சரிடமிருந்து தூரம்: கையை நீட்டினால் அவர் முதுகைத் தொடலாம், ஆனால் தொடக்கூடாது. சிலர் ஒரு கையைக் கேட்சரின் முதுகில் வைத்துக்கொள்வார்கள். வேண்டாம். அவர் எழுந்து இரண்டாவது பேஸுக்கு எறியும்போது உங்கள் மேல் இடித்தால் அது அம்பயர் குறுக்கீடு. அந்த எறிதலில் ரன்னர் அவுட் ஆகாவிட்டால், ஓடியவரைப் பழைய பேஸுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடுவது) நடந்த பரபரப்பில், "தப்பு என்னுடையது, எல்லோரும் திரும்பிப் போங்கள்" என்று இரண்டு அணிக்கும் நடுவில் நின்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மற்ற நிலைகளையும் கேள்விப்படுவீர்கள். ஒரு காலைப் பின்னால் நீட்டி நிற்கும் சிசர்ஸ் நிலை பார்க்க அழகு, கழுத்துக்கு எமன். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றினால் தலை ஆடாது, ஆனால் பந்து அடிபட்டதும் எழுந்து ஓடத் தாமதமாகும். அமெரிக்க மேஜர் லீக்கின் முன்னாள் அம்பயர் ஜெரி டேவிஸின் பெயரால் வழங்கும் நிலை ஒன்று உண்டு: இன்னும் பின்னே தள்ளி, பாதங்களை இணையாக வைத்து, இரு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி நிற்பது. கை ஊன்றியிருப்பதால் தலை உயரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். முதுகுவலி உள்ளவர்களுக்கும் நல்லது. இரண்டாவது சீசனில் முயன்று பாருங்கள். முதல் சீசனில் வாரம் ஒரு நிலையை மாற்றிக்கொண்டிருந்தால் எதுவும் படியாது.

6. தலை எந்த உயரத்தில்

என் தடங்களைக் காட்டினவர், கால்களைப் பற்றிப் பேசியதைவிடத் தலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கால் தவறினாலும் தலை சரியான இடத்தில் இருந்தால் பாதி பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அளவுகோல் இதுதான்: உட்கார்ந்த நிலையில் உங்கள் மோவாயின் அடிப்பக்கம் கேட்சர் ஹெல்மெட்டின் உச்சியோடு சமமாக இருக்க வேண்டும். கண் ஸோனின் மேல் எல்லைக்குக் கீழே போகக்கூடாது. இந்த உயரத்தில், மேலே வரும் பந்து கண்ணுக்கு நேராக வருவதால் அது உயரமா இல்லையா என்று உடனே புரியும். தாழ்ந்த பந்தை மேலிருந்து கீழே பார்ப்பதால் அது முழங்காலுக்குக் கீழே போனதும் தெரியும்.

பொறி எங்கே என்றால் ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல். 9 இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரு அணிக்குமாக 250 பந்துக்கு மேல் வருவது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுகிறீர்கள். தொடை களைத்தால் சிலர் கேட்சரோடு கீழே அமிழ்ந்துவிடுவார்கள், சிலர் நிமிர்ந்துவிடுவார்கள். தெரியாமலே ஸோன் மாறும். முதல் இன்னிங்ஸில் ஸ்ட்ரைக்காக இருந்த பந்து ஏழாவதில் 'பால்' ஆகும், பயிற்சியாளர்கள் கத்த ஆரம்பிப்பார்கள், நீங்களோ அவர்களுக்குத்தான் பைத்தியம் என்று நினைப்பீர்கள். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் முழுதாக எழுந்து நின்று காலுக்கு ஓய்வு கொடுத்தால் இது பாதி குறையும்.

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்திலும் மோவாய் விதியேதான். கேட்சர் குட்டையாக இருந்தால் நீங்களும் அந்த அளவுக்கு இறங்கியாக வேண்டும். வளர்ந்தவர்கள் ஆட்டத்தைவிட இதில்தான் தொடை எரியும்.

7. கைகள்

ஸ்லாட் பக்கத்துக் கையை இடுப்புப் பட்டைக்கு முன்னால் குறுக்காக வைத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். மற்றக் கை கேட்சருக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும், தொடையின் மேலோ முழங்காலின் மேலோ. விரல்களை லேசாக மடக்குங்கள், கட்டைவிரல் உள்ளே. முழங்கை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஃபவுல் பந்து அதைத் தேடி வரும். இண்டிகேட்டர் எப்போதும் இடக்கையில்.

8. எப்போது இறங்குவது, எப்போது சொல்வது

பிட்சர் ரப்பரின் (அவர் கால் ஊன்றி வீசும் பலகை) மேல் கால் வைத்ததும் ஸ்லாட்டில் உங்கள் காலை வையுங்கள். அவர் வீசும் அசைவைத் தொடங்கியதும் உட்காருங்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன் நீங்கள் முழுதாக அசைவற்று இருக்க வேண்டும். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து பிளேட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 நொடிதான் ஆகிறது. அந்த நேரத்தில் நீங்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், மேலும் கீழும் ஆடும் கண்ணால் ஆடாத கோட்டை அளக்கிறீர்கள்.

ரொம்ப முன்னாலேயே உட்கார்ந்துவிடுவதும் தப்பு. ரன்னர் இருக்கும்போது பிட்சர் பந்தைப் பிடித்துக்கொண்டு முதல் பேஸை முறைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதுவரை குனிந்திருந்தால் வீசும் நேரத்தில் தொடை நடுங்கும்.

பந்தைக் கண்ணால் மட்டும் பின்தொடருங்கள். பிட்சர் கையிலிருந்து கையுறைவரை கருவிழி நகரட்டும், மூக்கு பிட்சரை விட்டு அசையக்கூடாது. பந்து கையுறைக்குள் போன பிறகு ஒரு மூச்சு பொறுங்கள். நடந்ததை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அந்த நேரம் வேண்டும். அப்புறம் சொல்லுங்கள். 'பால்' என்றால் உட்கார்ந்தபடியே வாயால் சொன்னால் போதும். 'ஸ்ட்ரைக்' என்றால் எழுந்து, வலக்கையால் காட்டிச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு நானே வாயைக் கொடுத்த ஒரு பந்து நினைவிருக்கிறது. மெதுவான வளைபந்து. பாதி வழியிலேயே உயரம் என்று முடிவு செய்து 'பால்' என்று ஆரம்பித்துவிட்டேன். பந்து நிதானமாக இறங்கி ஸோனின் நடுவில் விழுந்தது. கேட்சர் கையுறையை அசைக்கவே இல்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

9. கேட்சர் நகர்ந்தால்

புதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், நானும் சேர்த்து.

கேட்சர் வெளிமூலைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் நீங்கள் நகர வேண்டாம். ஸ்லாட் இன்னும் அகலமாகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு முன்னால் மறைப்பு இல்லையே என்று பயமாக இருக்கும். கவசத்துக்குச் செலவு செய்தது இதற்காகத்தான். கேட்சரோடு நீங்களும் வெளியே போனால், வெளிமூலைக்கு வெளியே இரண்டு அங்குலத்தில் போகும் பந்தும் உங்கள் மூக்குக்கு நேராக வரும். மூக்குக்கு நேராக வருவதெல்லாம் ஸ்ட்ரைக் போலவே தெரியும்.

கேட்சர் உள்மூலைப் பக்கம் வந்து உங்கள் ஸ்லாட்டையே அடைத்துவிட்டால்தான் உண்மையான சிக்கல். வழி மேலே இருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து அவர் தலைக்கு மேலாகப் பாருங்கள், தேவைப்பட்டால் அரை அடி பின்னே தள்ளுங்கள். தாழ்ந்த பந்து சற்று மங்கலாகும், ஆனால் இரண்டு மூலையும் கையில் இருக்கும். மறுபக்கம் போய் எட்டிப் பார்க்காதீர்கள். கேட்சரின் மறுதோள் வழியாக ஒரு பந்தைச் சரியாகப் பார்த்துவிடலாம், ஆனால் அடுத்த பத்துப் பந்துக்கு உங்கள் கண்ணில் இருக்கும் ஸோன் கலைந்துவிடும்.

கேட்சர் பிட்சர் வீசும் கடைசி நொடியில் நகர்வார் என்பதையும் எதிர்பாருங்கள். அதனால் அவர் நிலைக்கு வந்த பிறகே உட்காருங்கள். முதல் இன்னிங்ஸிலேயே அவரிடம் தணிந்த குரலில் பேசிவிடுவது நல்லது: "நீங்கள் உள்ளே வரும்போது எனக்குக் கீழ்ப்பந்து தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள்." கட்டளை வேண்டாம். நல்ல கேட்சருக்கு அது போதும், ஏனென்றால் அந்தக் கீழ்ப்பந்து ஸ்ட்ரைக் ஆவதில் உங்களைவிட அவருக்குத்தான் அக்கறை அதிகம்.

பிடித்த பந்தை ஸோனுக்குள் இழுத்துக் காட்டும் கேட்சர்கள் மேல் கோபப்படாதீர்கள். அது அவர்கள் தொழில். பிளேட்டின் மேல் எங்கே கடந்தது என்று பார்த்துப் பழகிவிட்டால் இழுப்பதெல்லாம் பந்து போன பிறகு நடக்கும் வேடிக்கைதான்.

10. இடத்தை விட்டு வெளியேறுவது

பந்து அடிபட்டதும் அங்கேயே நிற்க முடியாது. கேட்சரின் இடப்பக்கமாக வெளியேறுங்கள். அவர் பெரும்பாலும் முதல் பேஸ் பக்கம் கிளம்புவார், நீங்களும் அந்தப் பக்கம் போனால் மோதல்தான். இரண்டு அம்பயர் ஆட்டத்தில், பேஸ்கள் காலியாக இருந்து தரைப்பந்து அடிபட்டால் பேட்டருக்குப் பின்னால் முதல் பேஸ் கோட்டில் 45 அடிக் குறிவரை போங்கள், பிறகு நின்று பாருங்கள்.

தலைக்கு மேலே ஃபவுல் எழும்பினால் பந்தைத் தேடாதீர்கள், கேட்சரின் தோளைப் பாருங்கள். அவர் திரும்பும் பக்கத்தை விட்டுக் கதவு திறப்பது போல விலகி வழிவிடுங்கள். மாஸ்க்கை இடக்கையால் கழற்றுங்கள், வலக்கை அவுட் காட்டக் காலியாக இருக்க வேண்டும்.

பந்து உங்கள் மாஸ்க்கிலோ கேட்சரின் கவசத்திலோ சிக்கி நின்றுவிட்டால் ஆட்டம் நிற்கும், ரன்னர்கள் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். அபூர்வம்தான், ஆனால் நடக்கும் அன்று எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

11. எவ்வளவு நாள் பழக வேண்டும்

பணம் செலவில்லாத பயிற்சியிலிருந்து ஆரம்பியுங்கள். தரையில் 17 அங்குலத்துக்கு டேப் ஒட்டுங்கள், அதற்குப் பின்னால் கேட்சர் உயரத்துக்கு ஒரு ஸ்டூல். கண்ணாடிக்கு முன் காலை வைத்து, உட்கார்ந்து, மூச்சு விட்டு, எழுந்து பாருங்கள். ஒரு தடவைக்கு 30 முறை, வலக்கை பேட்டருக்குப் பாதி, இடக்கை பேட்டருக்குப் பாதி. இரண்டாவது பாதியை எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதனால்தான் இடக்கை பேட்டர் வந்தாலே தடுமாறுவார்கள். ஒரு வாரத்தில் கால் தானாகவே இடம் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் இடத்தில் முழுக் கவசத்தோடு கேட்சருக்குப் பின்னால் நிற்க அனுமதி கேளுங்கள். எந்தப் பயிற்சியாளரும் மறுத்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் தீர்ப்பு எதுவும் சொல்லாதீர்கள். கண் மூடாமல், தலை திருப்பாமல் 50 பந்து பார்த்தால் போதும். இந்தத் தலை அசையாமை வர எனக்கு ஒரு முழு சீசன் பிடித்தது.

ஒரு ஆட்டத்தையாவது பின்வேலியிலிருந்து போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதல் இன்னிங்ஸில் ஒரு பந்து, ஏழாவதில் ஒரு பந்து, இரண்டையும் நிறுத்தித் தலை உயரத்தைப் பாருங்கள்.

12. ஆட்டம் முடிந்த பிறகு

யாரையாவது வெளியேற்றியிருந்தால் அறிக்கையை அன்றிரவே எழுதிவிடுங்கள்: இன்னிங்ஸ், எண்ணிக்கை, பேசப்பட்ட சொற்கள் சொன்னபடியே. மறுநாள் எழுதினால் உங்கள் கோபம்தான் நினைவிருக்கும், அவர் சொன்னது இருக்காது. லைன்அப் கார்டை லீக் கேட்கும் காலம்வரை வைத்திருங்கள்.

கவசத்தைப் பையிலேயே விட்டுவிடாமல் பிரித்துக் காயப்போடுங்கள், குறிப்பாக மாஸ்க் பஞ்சை. மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன், ஆட்கள் வந்து மண்ணை இழுத்துச் சமப்படுத்துவதற்குள், பிளேட்டுக்குப் பின்னால் போய் உங்கள் ஷூ தடத்தைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி. மூன்றாவது ஜோடி எங்காவது இருந்தால், அது எந்த இன்னிங்ஸில், எந்த கேட்சருக்குப் பின்னால் விழுந்திருக்கும் என்று யோசித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.